ஐஸ் பெட்டிக்குள் ஓடியது எது?

அழுது முடித்தவர்களிடம்தான் என் சித்தி கேள்வி கேட்பாள். அழும்போது கேட்டால் பாதிப் பதில் மூக்கைச் சிந்துவதிலேயே போய்விடும் என்பது அவள் கட்சி. அதனால் எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் கைக்குட்டையை மடித்து மடியில் வைக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எனக்கு அது ரொம்பக் கஷ்டமான காரியம்.

சித்தி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்தே தலை நரைத்தவள். ரிட்டையர் ஆனதும் வீட்டு வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினாள். ஏணியில் ஏறி ஆணி அடித்தவன் நான், அவளுடைய அக்கா மகன். எலும்பும் தோலுமாக இருந்த காலத்தில் எனக்குப் பஞ்சு என்று பேர் வைத்தார்கள். இப்போது இந்தப் பஞ்சை வைத்து இரண்டு மெத்தை தைக்கலாம். பேர் மட்டும் மாறவில்லை.

"இப்பச் சொல்லும்மா. நாளைக்குக் காலையில வக்கீல் ஆபீஸ்ல எதுல கையெழுத்து போடச் சொல்றாங்க?" என்றாள் சித்தி.

"பாப்பா அவங்க அப்பாகூடவே இருக்கட்டும், நான் உரிமை கேட்டு வர மாட்டேன்னு ஒரு பத்திரத்துல." டீச்சர் கைக்குட்டையைத் திரும்பப் பிரித்தார். "போட்டா இந்த ரிப்போர்ட்டை வெளிய எடுக்க மாட்டாங்களாம். போடலைன்னா கோர்ட்ல வாசிப்பாங்களாம். ஸ்கூலுக்கும் ஒரு காப்பி போகுமாம்."

ரிப்போர்ட் மேஜைமேல் கிடந்தது. டிரைக்கோமோனாஸ் என்று ஒரு ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத ஜந்து, ஆண் பெண் உறவு வழியாகப் பரவுவது. டீச்சரின் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அவனுக்கும் அதே நாளில் அதே டெஸ்ட், நேரே லேபிலேயே. அவனுக்கு ஒன்றுமில்லை, மனைவிக்கு மட்டும் இருக்கிறது. அப்புறம் யாரும் வாயைத் திறந்து பழி சொல்லவே வேண்டாம். அந்தக் காகிதமே சொல்லிவிடும்.

"நான் சத்தியமா யார்கூடவும்..."

"அதை நான் கேட்கவே இல்லையே," என்றாள் சித்தி. "இருக்குன்னு வெச்சுக்கிட்டாக்கூட, இது எப்ப வந்துச்சுன்னு எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. மாசக்கணக்குல சத்தமில்லாம உள்ள இருக்கும். உன் வீட்டுக்காரரும் நீயும்?"

"அவர் வீட்டுல படுத்தே ரொம்ப நாளாச்சு. கடை, கொள்முதல், வெளியூர்னு ஏதாவது சொல்வாரு."

"வேற லேப்ல மறுபடி பார்க்க வேண்டியதுதானே?" என்று நான் நுழைந்தேன்.

"பார்த்தேன். ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. ஆனா ரிப்போர்ட் வந்த அன்னைக்கே என் நாத்தனார் மாத்திரை குடுத்து, பக்கத்துல நின்னு முழுங்க வெச்சாங்க. உன் நல்லதுக்குத்தான்னாங்க. மாத்திரையிலேயே அது செத்துடுமாம். அதனால இப்ப இல்லைங்கறது ஆதாரமே ஆகாதாம்."

நாத்தனார் டாக்டர். டெஸ்ட் நடந்த லேப் அவருடையது. மாத்திரை கொடுத்தது நோய்க்கா, ஆதாரத்துக்கா என்று எனக்குள் ஒரு நமைச்சல்.

டீச்சரின் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவர், "நாத்தனார்" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நாலு வயதுக் குழந்தை தூங்கும் போட்டோ. கன்னத்தில் ஒரு பெண் கை. கீழே இரண்டே வரி: 'பாப்பா நல்லாத் தூங்கறா. அம்மாவைக் கேட்கறதே இல்லை.'

அந்தக் கை குழந்தையைத் தட்டிக்கொடுக்கிறதா, இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை.

"சாம்பிளை எங்க எடுத்தாங்க?" சித்தி போட்டோவை இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

"எங்க தெருக்கோடியில நாத்தனாரோட சின்ன கிளினிக் இருக்கு. அங்க நர்ஸ்தான் பஞ்சுக்குச்சியில எடுத்தாங்க. ரெண்டாவது குழந்தைக்கு முன்னாடி செய்யற சாதாரண டெஸ்ட்டுன்னாங்க."

"எடுத்ததை என்ன பண்ணாங்க?"

"குட்டி டியூப்ல போட்டு ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சாங்க. பெட்டியை என் மடியிலதான் குடுத்துட்டு சாவி தேடப் போனாங்க. தொடையே மரத்துப்போச்சு. சாயங்காலம் வேன் வந்து எடுத்துட்டுப் போகும், எல்லாத்தையும் நாங்க இப்படித்தான் அனுப்புவோம்னாங்க."

சித்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வண்டிச் சாவியை எடு என்று அர்த்தம்.

*

"இந்த ஜந்துவைப் பத்திப் பெரிய ஆஸ்பத்திரி லேப்ல காலையிலேயே கேட்டுட்டேன்," என்றாள் சித்தி, சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே. "ரத்தத்துக்கு ஐஸ் சரி. இந்த ஜந்துவுக்கு ஆகாது. உடம்புச் சூட்டுலதான் வாலை ஆட்டிக்கிட்டு ஓடும். எடுத்த சூட்டோட மைக்ராஸ்கோப்புல பார்த்தாத்தான் ஆச்சு. குளிர்ல வெச்சா சுருண்டு, அசையாம, உருண்டையா கிடக்கும். பக்கத்துல கிடக்கற வெள்ளை அணுவுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது."

"குளிர்ல எனக்கும் அப்படித்தான் ஆகும் சித்தி. நான் ஒட்டுண்ணின்னு அம்மா சொல்றது சரிதான் போல."

"ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கு?"

அது எனக்கு மனப்பாடம். "'வேகமாக ஓடும் ஒட்டுண்ணிகள் ஏராளம்.' ஒரு பகல் முழுக்க ஐஸ்ல கிடந்ததுல! அப்ப ரிப்போர்ட் பொய். கேஸ் முடிஞ்சுது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

"முட்டாள். பொய் எழுதறவன் 'இருக்கு'ன்னு மட்டும் எழுதுவான். வேகமா ஓடுச்சு, ஏராளம்னு எழுதினவ நிஜமாவே பார்த்திருக்கா. அவ பார்த்தது இளஞ்சூடான சாம்பிள். அப்ப அது டீச்சரோடது இல்லை."

எனக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் உறைத்தது. அன்றைக்கு அதே டெஸ்ட்டுக்கு லேபுக்கே நேரில் வந்து, அங்கேயே சாம்பிள் கொடுத்த ஆள் ஒருத்தன்தான்.

"கண்ணாடிக் கடைக்காரன்," என்றேன்.

"டியூப்ல பேர் ஸ்டிக்கர் மாறியிருக்கு. ரிப்போர்ட்ல கடைசி வரியைப் பார்த்தியா? கல்ச்சர் வெச்சிருக்காங்க. கொஞ்சம் சாம்பிளை சத்துத் தண்ணியில விட்டு, சூடுபெட்டியில வெச்சு வளர்க்கறது. சில நாள் வெச்சிருப்பாங்க. டீச்சர் பேர் போட்ட டியூப்புல அவ புருஷனோட ஜந்து இன்னும் உயிரோட நீந்திக்கிட்டிருக்கு."

"அதை எப்படிக் கொண்டுவர்றது? வண்டியில ஏசி கூட வேலை செய்யல. அது நல்லதா கெட்டதா?"

"உன் அக்குள் எதுக்கு இருக்கு?"

*

விடுமுறை நாள் என்பதால் லேப் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். பினாயில் நாற்றம். வரவேற்பு நாற்காலிகள் காலியாக, எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தன. ஃப்ரிட்ஜ்கள் விட்டு விட்டு உறுமின. தலைக்கு மேலே ஏதோ கடகடவென்று உருண்டு, சுவரில் முட்டி நின்று, திரும்ப உருண்டது.

"என்ன அது?" என்று கிசுகிசுத்தேன்.

"மூணு சக்கர சைக்கிள். நாத்தனார் டாக்டரம்மா வீடு மாடியில." சித்தி மேலே பார்க்காமலேயே சொன்னாள். "டீச்சர் பொண்ணு."

அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன்பே குழந்தை இங்கே வந்துவிட்டது.

உள்ளறையில் மைக்ராஸ்கோப் முன்னால் வெள்ளைக் கோட்டுடன் ஒரு பெண் நிமிர்ந்தாள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட டெக்னீஷியன். முப்பதுக்குள்தான் இருக்கும். பழைய செருப்பு, சாயம் போன சுடிதார். மூக்குக்கண்ணாடி மட்டும் தங்கத்தில் இழைத்த மாதிரி ஒரு புது ஃபிரேம்.

"லீவு சார். நாளைக்கு வாங்க."

"அவசரம்மா," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். "ஒரு யூரின் டெஸ்ட்டு, தாங்க முடியல..."

"நடிக்காதடா, சகிக்கல," என்று சித்தி என்னைத் தள்ளிவிட்டு ரிப்போர்ட்டை நீட்டினாள். "இது உன் கையெழுத்தாம்மா?"

அவள் பார்த்தாள். தாடை இறுகியது. "ஆமா. அந்தம்மாவைக் காப்பாத்த வந்தீங்களா? நான் பொய் எழுதலை. என் கண்ணால பார்த்தேன், ஓடுச்சு. தங்கமான மனுஷனை ஏமாத்தினா இப்படித்தான் வெளிய வரும்."

"நீ பொய் எழுதலைன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"ரெண்டு டியூப்பும் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"மேடம்தான் ட்ரேயில கொண்டுவந்தாங்க. தம்பி குடும்ப விஷயம், நானே முதல்ல பார்த்துடறேன்னாங்க. பார்த்தாங்க. அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்து, என்னையும் பார்த்துக் கையெழுத்து போடச் சொன்னாங்க."

"டீச்சர் டியூப்பு ஐஸ்ல இருந்துச்சா?"

"இல்லையே. வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. எதுக்குக் கேக்கறீங்க?"

"டீச்சர் மடியில இருந்து ஐஸ் பெட்டியில கிளம்பின டியூப் அது. ரெண்டுல எதும்மா சில்லுன்னு இருந்துச்சு?"

அந்தப் பெண்ணின் கை ஸ்லைடு டப்பாமேல் அப்படியே நின்றது. மாடியில் சைக்கிள் உருண்டது.

"அவரோடது," என்றாள் கடைசியில். மெதுவாக, வேறு யாரோ சொல்லக் கேட்டதுபோல. "அவர் பேர் போட்ட டியூப்தான் சில்லுன்னு இருந்துச்சு. அவர் இங்கேயே வந்து குடுத்தாரு. அது எப்படிச் சில்லுன்னு..."

"ஸ்லைடுல வேற ஏதாவது இடிச்சுதா?"

"பொண்ணுங்க ஸ்லைடுன்னா செதில் செதிலா செல் நிறையக் கிடக்கும். அன்னைக்கு அதுல இல்லை. மேடம் பக்கத்துலயே நின்னாங்க. நான் கேக்கலை." அவள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். "அப்ப அவருக்கா? அவர் சுத்தம்னு நான்தானே கையெழுத்து போட்டேன்?"

"கல்ச்சர் டியூப் எங்க?" என்றாள் சித்தி.

அவள் ஓடிப்போய்ச் சூடுபெட்டியைத் திறந்தாள். வரிசையாக டியூப்கள், நடுவில் இரண்டு ஓட்டைகள் மட்டும் காலி. அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள், ஃப்ரீசரைத் திறந்தாள்.

"ஃப்ரீசர்ல கிடந்தாலும் பரவாயில்லைம்மா," என்றாள் சித்தி. "ஜீன் டெஸ்ட்டுக்கு அது செத்திருந்தாலும் ஒண்ணுதான். கூட இருக்கற செல் ஆம்பளையோடதா பொம்பளையோடதான்னும் சொல்லிடும்."

"தெரியும்," என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. "அதனாலதான் பிளீச்ல போட்டேன்."

உள்படிக்கட்டில் டாக்டரம்மா நின்றிருந்தார். இஸ்திரி கலையாத புடவை, மேலே வெள்ளைக் கோட்டு, முகத்தில் விருந்தாளியை வரவேற்கும் சிரிப்பு. கை சுவரைத் தடவி ஒரு பட்டனை அமுக்கியது. வாசல் ஷட்டர் முனகிக்கொண்டே இறங்கி, தரையில் முட்டி நின்றது. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஜோக்கு வரும். வரவில்லை.

"பயப்படாதீங்க," என்றார். "பேசறதுக்குத்தான். வெளிய கேட்டா என் தம்பிக்குத்தான் அசிங்கம்."

"தம்பிக்குத் தெரியுமா?" என்றாள் சித்தி.

"பாவம், ஒண்ணும் தெரியாது. எரிச்சலா இருக்குன்னு வந்தான். பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒன்பது வயசுலேர்ந்து நான் வளர்த்தவன். அவனை அசிங்கப்படுத்த விடுவேனா?"

"அதுக்கு அந்தப் பொண்ணை அசிங்கப்படுத்தலாமா?"

டாக்டரம்மா மேலே கை காட்டினார். "அதோ கேக்குதே, அவ என்கிட்டதான் இருப்பா. எனக்கு ஆண்டவன் குடுக்கலை. அவ அம்மாவுக்கு வயசிருக்கு, வேற ஒண்ணு பெத்துக்கட்டும்."

இதைக் கத்திச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். மருந்துச் சீட்டு எழுதுகிற குரலில் சொன்னார்.

"உங்க தம்பியை வேற லேப்ல பார்த்தா?" என்றாள் சித்தி.

"பாருங்களேன். ரிப்போர்ட் அடிச்ச அன்னைக்கே காபியில மாத்திரையைக் கரைச்சுக் குடுத்துட்டேன். கசக்குதுன்னான், டிகாக்ஷன் ஜாஸ்தின்னேன். அவனுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை, டியூப்பும் இல்லை. மிச்சம் இருக்கறது ஒரு ரிப்போர்ட். அதுல என் கையெழுத்துகூட இல்லை." அவர் டெக்னீஷியனைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "இவ கையெழுத்து. ஐஸு, சூடுன்னு நாளைக்கு இவ பேசினா, ஸ்டிக்கர் மாத்தினது இவதான்னு நான் சொல்லுவேன். யாரை நம்புவாங்க?"

சித்தி ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் இப்படிப் பின்வாங்கி நான் பார்த்ததே இல்லை. நாளைக்குக் காலையில் டீச்சர் பேனாவை எடுப்பது கண்முன் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"மேடம்." டெக்னீஷியன் ஃப்ரீசர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "அவருக்கு மாத்திரை குடுத்தீங்க. டீச்சருக்குக் குடுத்தீங்க. இன்னொருத்திக்கு யார் குடுத்தா?"

"எந்த இன்னொருத்தி?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "கேஸ் முடிஞ்சதும் கல்யாணம் பண்ணிக்கறேன்னாரு. பொண்டாட்டி சரியில்லைன்னாரு. இந்தக் கண்ணாடி அவர் கடையிலேர்ந்து குடுத்ததுதான். ரெண்டு வாரமா எனக்கும் எரிச்சல். வெயில்னு நினைச்சேன். அவர் சுத்தம்னு நானே பார்த்து எழுதியிருக்கேனே, அதனால எனக்கு இருக்கவே முடியாதுன்னு நினைச்சேன்."

டாக்டரம்மாவின் சிரிப்பு அப்போதுதான் போனது. அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் அவர் லேபிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தப் பெண் டிராயரிலிருந்து ஒரு பஞ்சுக்குச்சியும் ஒரு ஸ்லைடும் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். யாரும் அசையவில்லை. தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் நேராக மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தோள் ஒரு முறை குலுங்கியது. அப்புறம் நாற்காலியை நகர்த்தினாள்.

"ஆறறதுக்குள்ள பாருங்க," என்றாள் சித்தியிடம்.

சித்தி பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். வட்ட வெளிச்சத்துக்குள் பேரிக்காய் மாதிரி சின்னச் சின்னதாக, துடித்துத் துடித்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. அழகாகத்தான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

டாக்டரம்மா பக்கத்தில் வந்துவிட்டிருந்தார். ஒரு கையில் தண்ணீர் டம்ளர். இன்னொரு கை கோட்டுப் பாக்கெட்டிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தது. குழந்தைக்கு ஊட்டுவதுபோல நீட்டினார்.

"இதைப் போட்டுக்கோம்மா. உடம்பு முக்கியம். நாளைக்குள்ள எல்லாம் சரியாயிடும். அவனுக்கே உன்னைக் கட்டி வெக்கறேன், நான் சொன்னா கேப்பான். நீ இந்த வீட்டுப் பொண்ணு."

அந்தப் பெண் மாத்திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த உள்ளங்கையில் இருந்தது. உடம்பு ஆறும், மானம் தப்பும், கல்யாணம்கூட நடக்கும்.

அவள் டாக்டரம்மாவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவர்ப் பட்டனை அமுக்கினாள். ஷட்டர் ஏறியது. வெயில் தரையில் நீண்டு வந்தது.

"டீச்சர் நம்பர் குடுங்க," என்றாள்.

சித்தியே போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தாள்.

"டீச்சர், உங்க ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டவ பேசறேன். அது உங்களோடது இல்லை. அவரோடது. அவர்கிட்டேருந்து எனக்கும் வந்திருக்கு." செருமிக்கொண்டாள். "நாளைக்கு நீங்க எதுலயும் கையெழுத்து போடாதீங்க. நான் வக்கீல் ஆபீஸுக்கு வர்றேன். என் பேரைச் சொல்லி, என் வாயாலேயே சொல்றேன்."

டீச்சர் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

"மாத்திரை போட்டுக்கிட்டியாம்மா?" என்று கேட்டார் டீச்சர்.

அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"இல்லை டீச்சர். வேற லேப்ல ஒருதடவை பார்த்து எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் போட மாட்டேன்."